முழங்காலுக்கு ஒரு தடாகம்

"மொகதே வளலன்னே?"

கேள்வி தலைக்கு மேலிருந்து வந்தது. நாகேந்திரம் மண்வெட்டியை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். முதலில் தெரிந்தது ஒரு சோடி கறுப்புச் சப்பாத்து. அதற்கு மேலே காக்கிக் காற்சட்டை. அதற்கும் மேலே சார்ஜன்ட் வீரக்கொடியின் மீசை.

யுத்த காலத்தில், வெள்ளவத்தையில், ஒரு யாழ்ப்பாணத்துத் தமிழர் தன் வீட்டுப் பின்வளவில் இடுப்பளவு கிடங்குக்குள் நின்று மண் வெட்டிக்கொண்டிருக்கிறார். பொலிஸ்காரர் வந்து "என்ன புதைக்கிறாய்?" என்று சிங்களத்தில் கேட்கிறார். என்ன பதில் சொல்லலாம்? என்னென்னவோ சொல்லலாம். ஆனால் நாகேந்திரம் சொன்ன பதிலை இலங்கைத் தீவில் வேறொருவரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

"பீனன்ன," என்றார். நீந்துவதற்கு.

"பீனன்ன?"

"ஒவ் மாத்தயா. மகே நோனாட்ட." ஓம் ஐயா, என்னுடைய மனைவிக்கு.

சார்ஜன்ட் திரும்பிக் குசினி வாசலைப் பார்த்தார். அங்கே பாலேஸ்வரி கதிரையில் இருந்தார். பொலிஸைக் கண்டதும் மரியாதைக்கு எழும்பப் பார்த்தார். ஒரு கையால் கதவு நிலையையும் மறு கையால் கதிரையையும் பிடித்து, "முருகா" என்று பாதி எழும்பி, "ஐயோ" என்று மீதியைக் கைவிட்டு, திரும்பவும் இருந்துவிட்டார்.

"இந்த நோனாவா நீந்துறது?" சார்ஜன்ட் வவுனியாவில் வேலை செய்தவர், தமிழ் நன்றாக வரும்.

"நீந்த மாட்டா. நடப்பா. தண்ணிக்குள்ளை நடப்பா. வருஷம் முழுக்க நடப்பா."

சார்ஜன்ட் கிடங்கைப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார். நாகேந்திரத்தின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மீசைக்குள்ளே மெல்லச் சிரித்துக்கொண்டு, "சரி, சரி. நீச்சல் தடாகம்," என்றார். "பிளான் இருக்கா?"

நாகேந்திரத்திடம் போய் பிளான் இருக்கா என்று கேட்பதா! மனிசன் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் படவரைஞராக இருந்து பென்சன் எடுத்தவர். குளம் குளமாகக் கீறித் தள்ளியவர். ஆனால் அவர் கீறிய குளங்களில் ஒன்றையாவது ஒருவரும் வெட்டவில்லை. ஒன்றுக்குப் பணம் வரவில்லை, ஒன்றுக்கு அரசாங்கம் மாறியது, மற்றதெல்லாவற்றுக்கும் யுத்தம் வந்தது. இந்தப் பின்வளவுத் தடாகம்தான் கடதாசியை விட்டு இறங்கி மண்ணைத் தொட்ட முதல் பிளான். நாலடி ஆழம், நீல ரைல்ஸ், சுற்றிவரச் செவ்வரத்தை, மேலே திறந்த வானம். சார்ஜன்ட் அதை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "நாளைக்கு வாறன்," என்று போனார்.

அந்த வருஷம் கொழும்பில் எல்லாருக்கும் ஒவ்வொரு கவலை இருந்தது. இயக்கத்தின் சின்ன விமானங்கள் குண்டு போட வருகின்றன என்று சொல்லித் திடீரென்று ஊர் முழுக்கக் கரண்டை நிற்பாட்டுவார்கள். தொடர்மாடிச் சனங்கள் பிள்ளை குட்டிகளோடு படியால் ஓடிவந்து, எங்கே நிற்பதென்று தெரியாமல் ஒழுங்கையில் நிற்பார்கள். நாகேந்திரம் இதையெல்லாம் கவனிக்கிற நிலையில் இல்லை. அவருக்கு இருந்த ஒரே கவலை மார்கழி மாதம்.

மார்கழியில் மகள் ஜெகதீஸ்வரி கனடாவிலிருந்து வருகிறாள். சும்மா வரவில்லை. அம்மாவை ஏற்றிக்கொண்டு போக வருகிறாள்.

எல்லாம் அந்த முழங்கால் செய்த வேலை. தரையில் நடந்தால் இன்னும் தேயும், தண்ணீருக்குள் நடந்தால் தேறும், ஆனால் ஒரு நாளும் விடக்கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். ஒழுங்கை முடிவில் கடல் கிடக்கிறதுதான். தண்டவாளத்தைக் கடந்து, பாறாங்கல்லில் இறங்கி, அலையைச் சமாளிக்கக்கூடிய முழங்கால் என்றால் அதற்கு வைத்தியம் எதற்கு? ஜெகதீஸ்வரி தொலைபேசியில் தீர்ப்புச் சொன்னாள்.

"அப்பா, இஞ்சை எங்கடை வீட்டுக்குப் பக்கத்திலை பெரிய தடாகம் இருக்கு. உள்ளுக்குள்ளை. சுடுதண்ணி. பனி கொட்டினாலும் அம்மா வருஷம் முழுக்க நடக்கலாம்."

"இஞ்சையும் வருஷம் முழுக்க நடக்கலாம்."

"எங்கை நடக்கிறது, கோல் றோட்டிலையோ?"

"பின்வளவிலை. நான் தடாகம் கட்டுறன்."

"அப்பா, பகிடி விடாதேங்கோ. நான் வரேக்கை அம்மா தன்ரை பாட்டிலை நடந்து காட்ட வேணும். இல்லையெண்டால் கூட்டிக்கொண்டு போயிடுவன். சொல்லிப்போட்டன்."

நாகேந்திரம் போனை வைத்தார். தானும் கூடப் போகலாமே என்றால், ஒரு மார்கழி அங்கே போய் மூச்சு முட்டி ஆஸ்பத்திரியில் படுத்தவர். அந்தக் குளிர் அவருக்கு ஆகாது. பாலேஸ்வரி இல்லாத வீட்டில் ஒரு நாள்கூட இருக்கத் தன்னால் ஏலாது என்பதும் அவருக்குத் தெரியும். ஆகவே அடுத்த நாள் காலையே மண்வெட்டியைத் தூக்கிவிட்டார்.

சார்ஜன்ட் சொன்னபடி மறுநாள் வந்தார். வந்தவர் கேட்டுக் கேள்வியில்லாமல் கிடங்குக்குள் குதித்தார். தொப்பியைக் கழற்றாமலே குந்தியிருந்து பார்த்தார். பிறகு எழும்பி நின்றார்.

"காணாது மாத்தயா. எழும்பினா தலை தெரியுது."

"தலை தெரியத்தானே வேணும்?"

"தலை தெரியக் கூடாது. இன்னும் ரெண்டு மூணு அடி வெட்டுங்க."

"சார்ஜன்ட், அவ தண்ணிக்குள்ளை தாண்டு போயிடுவா!"

"வெட்டுங்க," என்றார் சார்ஜன்ட். சொன்னது பொலிஸ். நாகேந்திரம் வெட்டினார். துணைக்கு ஜிந்துப்பிட்டியிலிருந்து மாரிமுத்து பாஸைப் பிடித்தார். மேசன் வேலையில் கெட்டிக்காரன், வாய் மட்டும் திறக்கமாட்டான்.

பாலேஸ்வரி குசினி வாசலில் இருந்து எட்டிப் பார்த்தார். "இஞ்சருங்கோ, என்னை நடக்க விடப் போறியளோ, தண்ணிக்குள்ளை தாழ்க்கப் போறியளோ?"

"தண்ணியை இடுப்பளவுக்குத்தான் விடுவனப்பா. நீ சும்மா இரு."

ஆழம் கூடியதும் அடுத்த வில்லங்கம் வந்தது. கடலடி மண் அல்லவா, அடியில் குபுகுபுவென்று தண்ணீர் ஊறத் தொடங்கியது. நாகேந்திரம் கைதட்டாத குறை. ஆனால் பக்கத்துத் தொடர்மாடியின் மூன்றாம் மாடி பல்கனியில் நின்ற பிறிஜெற் ரீச்சர், செத்த வீட்டுச் செய்தி கேட்டவர் மாதிரி "யேசுவே! தண்ணி!" என்று கத்தினார்.

கொட்டாஞ்சேனையில் அரைவாசிப் பிள்ளைகளுக்குக் கணக்குப் படிப்பித்துக் காது முறுக்கிய ரீச்சர் அவர். அன்று பின்னேரமே வாளியோடு வந்து நின்றார். பின்னாலே தொடர்மாடிச் சனம் முழுக்க வந்தது, ஆளுக்கொரு வாளியோடு. இறைத்த இறைப்பில் கிடங்கு காய்ந்து போனது.

"மிஸ்டர் நாகேந்திரம், இதுக்குள்ளை ஊத்துத் தண்ணி ஒரு சொட்டும் வரக்கூடாது. விளங்கிச்சோ?"

"ஓம் ரீச்சர். உப்புத் தண்ணி கலந்தால் சரிவராதுதான்."

ரீச்சர் அவரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு சார்ஜன்ட் சிரித்த அதே சிரிப்பைச் சிரித்து, "ஓமோம். நீச்சல் தடாகமெல்லே," என்றார். சனமும் சிரித்தது. பகிடி பண்ணுகிறார்கள் என்று நாகேந்திரத்துக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. பண்ணட்டும். பாலேஸ்வரி நடக்கிறதைக் கண்டபிறகும் சிரிக்கிறார்களா பார்ப்போம் என்று பல்லைக் கடித்துக்கொண்டார்.

ஊற்றை அடைக்கச் சிமெந்து தேடி கோல் றோட்டில் மக்கீன் நானாவின் ஹாட்வெயார் கடைக்குப் போனார். அவர் வாயைத் திறக்குமுன்பே நானா அவரை உள்ளே கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார்.

"கேள்விப்பட்டன் ஐயா. நல்ல வேல செய்றீங்க. நான் குடுக்கிற சிமெந்துக்கு ஒரு சொட்டும் கசியாது. கம்பியும் நானே தாரன்."

"எவ்வளவு வரும்?"

"சல்லிய வுடுங்க. எங்கட வூட்டு ஆக்களும் வந்தா எடம் குடுப்பீங்கதானே?"

"உதென்ன கதை! கட்டாயம் வரவேணும்."

நானாவின் கண் கலங்கிவிட்டது. கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினார். முஸ்லிம் ஆக்களுக்கும் நீச்சலில் இவ்வளவு விருப்பமா என்று யோசித்துக்கொண்டே நாகேந்திரம் வீட்டுக்கு வந்தார்.

வந்து பார்த்தால், வளவிலே மலையாகக் குவிந்திருந்த மண்ணைக் காணவில்லை. லொறியில் ஏற்றினால் சோதனைச் சாவடிக்குச் சாவடி பதில் சொல்ல வேண்டுமே என்று அவர் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்த மண். தொடர்மாடிச் சனம் அதை அரிசிச் சாக்குகளில் கட்டி, கிடங்கைச் சுற்றி இரண்டு வரிசையாக அடுக்கி முடித்திருந்தது.

"ரீச்சர், இதிலை செவ்வரத்தை நடலாம் எண்டெல்லோ இருந்தனான்."

"செவ்வரத்தை என்னத்துக்கு? மழை வெள்ளம் உள்ளுக்கு வராது. அதோடை, உள்ளுக்கு ரெண்டு பக்கமும் நீளத்துக்கு, குந்தியிருக்க வாங்கு கட்டுங்கோ. எங்களைப்போல வயது போன ஆக்கள் எவ்வளவு நேரமெண்டு நிக்கிறது?"

அதுவும் நியாயம்தான். பாலேஸ்வரி களைத்தால் இருக்க வேண்டுமே. வாங்கு கட்டப்பட்டது.

"வாசலை நேராய் வைக்காதேங்கோ. வளைச்சு வையுங்கோ. பொம்பிளையள் இருக்கிற இடம்."

அதுவும் நியாயம். வாசல் வளைந்தது.

பிறகு கூரைப் பிரச்சினை வந்தது. சார்ஜன்ட் சைக்கிளை விட்டு இறங்குமுன்பே கேட்டார். "மேல மூடவில்லையா?"

"மேலை திறந்துதான் சார்ஜன்ட். வானம் தெரிய வேணும்."

சார்ஜன்டின் முகம் வெளுத்தது. "வானம் தெரியக் கூடாது மாத்தயா! மேலயிருந்து என்ன நேரத்தில என்ன வரும் எண்டு யார் சொல்றது?"

நாகேந்திரம் யோசித்தார். சரிதானே. வைகாசி மழை, ஐப்பசி மழை, நடுவிலே இந்த வெயில். வருஷம் முழுக்க என்று மகளிடம் வீறாப்பாகச் சொல்லியாயிற்று. கனடாவில் உள்ளதற்கும் கூரை இருக்கிறதாமே. "அப்ப கண்ணாடிக் கூரை போடுவம்," என்றார்.

"கண்ணாடியா!" சார்ஜன்ட் ஒரு பக்கமும், பல்கனியிலிருந்து ரீச்சர் ஒரு பக்கமும், சிமெந்து இறக்கிக்கொண்டு நின்ற மக்கீன் நானா ஒரு பக்கமும் ஒரேயடியாகக் கத்தினார்கள். வாய் திறவாத மாரிமுத்து பாஸ்கூட, "சாமி, வேணாங்க," என்றான்.

கொங்கிறீட் பிளேட் போட்டார்கள். தடிப்பு ஒரு முழம். நாகேந்திரம் தன் சேவைக் காலத்தில் அணைக்கட்டுக்குக்கூட இவ்வளவு கம்பி கீறியதில்லை. காற்றுக்கு இரண்டு குழாய் மட்டும் மேலே நீட்டிக்கொண்டு நின்றன. நீல ரைல்ஸ் என்று அவர் வாயெடுத்த போதெல்லாம், "அதுகள் பிறகு பாப்பம்," என்று எல்லாரும் பேச்சை மாற்றினார்கள்.

அவருடைய பிளானில் மிஞ்சியிருந்தது வடக்குத் திசை காட்டும் அம்புக்குறி மட்டும்தான். ஆனாலும் ஒழுங்கை முழுக்க ஒன்றாகச் சேர்ந்து உழைக்கிறதைப் பார்க்க நெஞ்சு நிறைந்தது. பாலேஸின் முழங்காலுக்கு ஊரில் இவ்வளவு மதிப்பா! கொழும்பில் அயல் அட்டை என்று ஒன்றும் இல்லை, எல்லாரும் கதவைப் பூட்டிக்கொண்டு இருக்கிறவர்கள் என்று எத்தனை தரம் குறை சொல்லியிருப்பார். தன் வாயைத் தானே நொந்துகொண்டார்.

வேலை முடிந்ததும் பாலேஸ்வரியைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போய்க் காட்டினார். பாலேஸ்வரி வளைவு வாசலில் நின்று உள்ளே இருட்டைப் பார்த்தார்.

"எனக்குப் பயமாக் கிடக்கப்பா. ஏதோ குகை மாதிரிக் கிடக்கு."

"லைற் போட்டால் வெளிச்சம் வரும். படி எல்லாம் உன்ரை காலுக்கு அளந்து வைச்சிருக்கு. பிடிச்சு இறங்கக் கம்பியும் கிடக்கு, பார்."

"ஏன் இவ்வளவு பாடுபடுறியள்? நான் ஆறு மாசம் பிள்ளையோடை இருந்திட்டு வாறனே."

"ஆறு மாசம் எண்டுதான் எல்லாரும் போறவை. ஆர் திரும்பி வந்தவை?" நாகேந்திரம் அந்தக் கம்பியை இறுகப் பிடித்தார். "நீ போனால் எனக்கு ஒருத்தரும் இல்லை, பாலேஸ். இதுக்குள்ளை நீ நடக்கிறாய். அவ்வளவுதான்."

பாலேஸ்வரி முகத்தை அந்தப் பக்கம் திருப்பிச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டார். "சரி, நடக்கிறன். பிறகு தாண்டு போனனெண்டு என்னோடை கோவிக்கக் கூடாது."

மார்கழி வந்தது. ஜெகதீஸ்வரியும் வந்தாள். சூட்கேஸை விறாந்தையில் வைத்த கையோடு பின்வளவுக்குப் போனவள், அங்கேயே விறைத்து நின்றாள்.

"அப்பா, உதென்ன?"

"நீச்சல் தடாகம்."

"சுத்திவர ஏன் மண்மூட்டை?"

"வெள்ளத்துக்கு."

"ஏன் இவ்வளவு மொத்தக் கொங்கிறீட்?"

"வெயிலுக்கு. நீ தண்ணி விட்டாப் பிறகு பார். நாளைக்குத் திறப்புவிழா. ஊருக்கே சொல்லியிருக்கு."

ஜெகதீஸ்வரி தாயைப் பார்த்தாள். "அம்மா, உங்கடை சாமானுகளை அடுக்குங்கோ. டிக்கெற் போட்டாச்சு."

மறுநாள் காலை ஊரே வந்தது. அதிலும் என்ன வரவு! திறப்புவிழாவுக்கு வருகிறவர்கள் துவாய் கொண்டு வருவார்கள், குளிக்கிற உடுப்புக் கொண்டு வருவார்கள் என்று நாகேந்திரம் எதிர்பார்த்திருந்தார். பிறிஜெற் ரீச்சர் செபமாலையும் ஒரு கட்டு மெழுகுதிரியும் கொண்டு வந்தார். மக்கீன் நானா குடும்பத்தோடு வந்து, ஒரு பெட்டி பிஸ்கற்றும் பெரிய டோர்ச் லைற்றும் நீட்டினார். தொடர்மாடிச் சனம் பாயும் தலையணையும் தூக்கி வந்தது. ஒரு கிழவர் மருந்துப் பெட்டிக்கு இடம் பார்க்க வந்திருந்தார். சார்ஜன்ட் வீரக்கொடி முதல் தடவையாகச் சாதாரண உடுப்பில், மனைவி, பிள்ளைகள், மாமியார், பற்றறி ரேடியோ சகிதம் வந்து நின்றார். மாமியார் கொங்கிறீட்டைக் கையால் தட்டிப் பார்த்து, "ஹொந்தாய்," என்று திருப்தியாகத் தலையாட்டினார்.

சனத்துக்குத் தடாகம் பழக்கமில்லை, பிக்னிக் என்று நினைத்துவிட்டது போலும் என்று நாகேந்திரம் நினைத்தார்.

"ஐயா, ஒரு வார்த்தை பேசுங்க," என்றார் மக்கீன் நானா.

நாகேந்திரம் தொண்டையைச் செருமினார். "இது என்ரை வீட்டுத் தடாகம் இல்லை. எங்கள் எல்லாருடையதும். சாதி சமயம் பாராமல், எந்த நேரமும், வருஷம் முழுக்க நீங்கள் வரலாம்."

ஊர் கைதட்டியது. ரீச்சர் மூக்கைச் சிந்தினார். சார்ஜன்டின் மனைவி பிள்ளைகளின் தலையைத் தடவி, அந்த மாமாவைப் பார் என்று காட்டினார்.

அந்த நேரம் பார்த்து ஒழுங்கையில் ஹோர்ன் அடித்தது. தண்ணிப் பவுசர் லொறி. நாகேந்திரம் ஓடிப்போய்த் தடித்த குழாயைத் தோளில் போட்டு இழுத்து வந்து, வளைவு வாசலால் உள்ளே நுழைத்து, "விடு!" என்று கையைக் காட்டினார். தண்ணீர் பாய்ந்தது.

கைதட்டல் நின்றது. பாய்கள் தோளிலிருந்து மெல்ல இறங்கின. ரீச்சரின் கையிலிருந்த மெழுகுதிரிக் கட்டு நிலத்தில் விழுந்தது. வாங்கு மறைய, தண்ணீர் இடுப்பளவுக்கு ஏறும்வரை ஒருவர் வாயிலிருந்தும் ஒரு சொல் வரவில்லை. பார்த்தீர்களா, ஊர் வாயடைத்துப் போனது என்று நாகேந்திரத்துக்கு உச்சி குளிர்ந்தது.

"வா, பாலேஸ்," என்று மனைவியைக் கூப்பிட்டார்.

பாலேஸ்வரி கம்பியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கினார். தண்ணீர் முழங்காலைத் தொட்டது. இடுப்பைத் தொட்டது. முகத்திலிருந்த நோவு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது. ஒரு கையை விட்டார். மற்றக் கையையும் விட்டார். அந்தக் கரையிலிருந்து இந்தக் கரைக்கு, ஒன்றையும் பிடிக்காமல், தன்பாட்டில் நடந்து வந்தார்.

"எடியே ஜெகா, நோகேல்லையடி! கொஞ்சமும் நோகேல்லை!"

ஜெகதீஸ்வரி வாசலில் நின்று விக்கி விக்கி அழுதாள். "அம்மா... நல்லது அம்மா. இஞ்சையே இருங்கோ. டிக்கெற்றை நான் கான்சல் பண்ணுறன்."

நாகேந்திரம் வெளியே ஓடிவந்தார். கண்ணாலே நீர் வழிந்தது. வென்றுவிட்டார்! இந்த ஊர் சிரித்த சிரிப்புக்கெல்லாம் பதில் இப்போது உள்ளே நடந்துகொண்டிருக்கிறது. இரண்டு கையையும் விரித்துக்கொண்டு சனத்தின் முன்னால் நின்று, "பாத்தியளோ! எல்லாம் உங்கடை உதவிதான்! எப்பிடி என்ரை தடாகம்?" என்று கேட்டார்.

ஒருவரும் கைதட்டவில்லை. பிஸ்கற் பெட்டியைப் பிடித்தபடி மக்கீன் நானா ரீச்சரைப் பார்த்தார். ரீச்சர் சார்ஜன்டைப் பார்த்தார். சார்ஜன்ட் தன் மாமியாரைப் பார்த்தார், பிள்ளைகளைப் பார்த்தார், மேலே வானத்தைப் பார்த்தார். பிறகு ஓரடி முன்னால் வந்து, அழாத குறையாக, மெல்லிய குரலில் கேட்டார்:

"மாத்தயா, பங்கருக்குள்ள தண்ணி விட்டா, பிளேன் வாற நேரம் நாங்க எல்லாரும் எங்க ஒளிக்கிறது?"